செங்குத்துப் பாறையில் கூடு கட்டும் கடற்பறவைகள்



நம் நாட்டில் ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி வருகின்றன. பகலும் இரவும் ஏறத்தாழச் சம அளவினவாக உள்ளன. பூமியின் வடபகுதியிலுள்ள நாடுகளிலோ நிலைமை வேறு. அங்கே இளவேனில், கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம் என நான்கு பருவங்கள் தெளிவாகப் பிரிந்து வருகின்றன. இளவேனிலின் கடைப்பகுதியாகிய மே மாத இறுதியில் இங்கிலாந்தின் வடபகுதியில் காலை 5 மணிக்கு முன்பே கதிரவன் எழுகிறான். இரவு 9 மணிக்குப் பின்னரே மறைகிறான். நெடும் பகலின் ஒளியால் கடல் நீரில் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவற்றை உண்டு சிறுமீன்கள் பெருகுகின்றன. அம்மீன்களை உண்டு குஞ்சு பொரிக்கக் கடற்பறவைகள் கரையை நாடி வருகின்றன.

அப்பறவைகள் கூடு கட்டும் இடங்களுள் புகழ்பெற்ற ஒன்றைப் பற்றி இப்பாடத்தில் அறிந்துகொள்வோம். அவ்விடம் இங்கிலாந்தின் யார்க்சயர் மாவட்டத்தில், வட கடலின் ஓரத்தில் அமைந்துள்ள பெம்ப்டன் பாறைகள் ஆகும்.

பாறையின் இயல்பு

பெம்ப்டன் பாறைகள் ஃபிளாம்பரோ முனைக்கு வடக்கே கடலைப் பார்த்தவாறு சுவர்போல் நிமிர்ந்து நிற்பவை. அவற்றின் உயரம் ஏறத்தாழ 100 மீட்டர். நன்கு வளர்ந்த தென்னை மரங்கள் நான்கினை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் எவ்வளவு உயரம் இருக்குமோ அவ்வளவு எனக் கொள்ளலாம். பாறை வெண்மை நிறமுடையது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் ஓடுகள் அடிமட்டத்தில் படிந்து இறுகியே இவ்வெண்பாறை உண்டாயிற்று. நாம் வகுப்பில் 'சாக்பீஸ்' என்கிறோமே, அச்சொல்லில் வரும் 'சாக்' என்பது இவ்வகைப் பாறையின் ஆங்கிலப் பெயரே ஆகும்.

மழையும் பனியும் காற்றும் அலையும் இப்பாறையை அரித்து, அதன் முகப்பில் எண்ணற்ற விளிம்புகளையும் பிளவுகளையும் உண்டாக்கியுள்ளன. ஒரு விளிம்பு கையகலம் இருக்கும். மற்றொன்று புத்தகம் வைக்கும் பலகையளவு இருக்கும். மார்ச் முதல் அக்டோபர் வரையிலான மாதங்களில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் கடற்பறவைகள் இங்கு வந்து கூடுகின்றன.

பரந்த வயல்களும் புல்வெளிகளும் இருக்க, இப்பறவைகள் ஏன் இத்துணை இடர்மிக்க இடத்தைத் தேர்ந்தெடுக்கின்றன? காரணம் எளிது. நரியும் எலியும் செங்குத்துப் பாறையில் ஏறி வருதல் அரிது. விளிம்பினின்று கால் எடுத்தால் கீழே கடல், அங்கே உணவு. பாறையில் மோதி மேலெழும் காற்று, பறப்பதற்குத் துணையாகிறது. இப்பறவைகள் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கடலிலேயே கழிப்பவை. ஆயினும் முட்டையை நீரின்மேல் இட முடியாதன்றோ? அந்த ஒரு தேவைக்காகவே அவை நிலத்தை நாடுகின்றன.

பறவைக்கு ஓர் இடம், இடத்திற்கு ஒரு பறவை

பாறையின் உச்சியில் அமைக்கப்பட்டுள்ள வேலியோரம் நின்று பார்ப்போர்க்கு முதலில் எட்டுவது காட்சியன்று; ஓசையும் நாற்றமுமே. பல்லாயிரம் குரல்கள் ஒருங்கே எழும். மீன் உண்ட பறவைகளின் எச்சம் காற்றில் நெடியடிக்கும். கண்ணுக்கு எல்லாம் ஒரே குழப்பமாகத் தோன்றும். பொறுமையுடன் கால் மணி நேரம் நோக்கினால் அக்குழப்பத்தில் ஓர் ஒழுங்கு இருப்பது புலப்படும். ஒவ்வோர் இனமும் தனக்கேற்ற இடத்தையே பிடித்துள்ளது. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

கிட்டிவேக் என்பது சிறிய கடற்காகம். அதன் குரலே அதற்குப் பெயராயிற்று. 'கிட்டி-வேக்' என்று அது இடைவிடாது தன் பெயரைத் தானே கூவும். வெண்ணிற உடல், சாம்பல் நிறச் சிறகு, கருமையான சிறகு நுனி, கரிய கால்கள் ஆகியவை அதன் அடையாளங்கள். பிற பறவைகள் நிற்கவும் அஞ்சும் சிறு முண்டுகளில் இது சேற்றையும் புல்லையும் கடற்பாசியையும் மிதித்து இறுக்கிக் கிண்ணம் போன்ற கூட்டை ஒட்டவைக்கிறது. வழக்கமாக இரண்டு முட்டைகள் இடும். சமநிலத்தில் பிறக்கும் கடற்காகக் குஞ்சுகள் ஓடித் திரியும். கிட்டிவேக் குஞ்சுகளோ சிறகு முற்றும்வரை கூட்டைவிட்டு அசைவதில்லை. ஓரடி வைத்தாலும் வீழ்ச்சி என்பதை அவற்றின் பிறவிக் குணமே அறிந்திருக்கிறது.

கில்லிமாட் என்னும் பறவை கூடே கட்டுவதில்லை. மேற்புறம் கரும்பழுப்பாகவும் வயிறு வெண்மையாகவும் உள்ள இப்பறவைகள், நம் பள்ளியின் காலைக் கூட்டத்தில் மாணவர்கள் வரிசையாக நிற்பதுபோல் விளிம்புகளில் தோளோடு தோள் உரச நிற்கின்றன. வெறும் பாறைமீது ஒரே ஒரு முட்டையை இட்டு, அதனைப் பாதத்தின்மேல் வைத்து, தாயும் தந்தையும் முறைவைத்து அடைகாக்கின்றன. இவ்வாறு ஒரு மாதம் கடந்தபின் குஞ்சு வெளிவரும். நீரில் மூழ்கி மீன் பிடிப்பதில் இவை வல்லவை. 100 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திற்குச் செல்லக்கூடியவை.

ரேசர்பில் அதன் உறவினம். தடித்த கரிய அலகும் அதன் குறுக்கே ஒரு வெண்கோடும் உடையது. கூட்டத்தை விட்டுச் சற்று ஒதுங்கிப் பாறையின் இடுக்குகளில் முட்டையிடும்.

பஃபின் என்பது யாவரும் காண விரும்பும் பறவை. செம்மஞ்சள், மஞ்சள், நீலச்சாம்பல் எனப் பல நிறம் கலந்த முக்கோண அலகு உடையது. அவ்வலகின் வண்ணத் தகடுகள் இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் உதிர்ந்துவிடும். வேறு பல இடங்களில் பஃபின் மண்ணில் வளை தோண்டி வாழும். பெம்ப்டனிலோ பாறையின் பிளவுகளுக்குள் முட்டையிடுகிறது. அதன் நாக்கிலும் அண்ணத்திலும் முட்கள் உள்ளமையால், பிடித்த மீன்களை அலகின் குறுக்கே அடுக்கிக்கொண்டு மேலும் மீன் பிடிக்க இயலுகிறது.

கன்னெட் இவற்றுள் பெரியது. விரித்த சிறகின் நீளம் ஏறத்தாழ 1.8 மீட்டர். உடல் வெண்மை, தலை இளமஞ்சள், சிறகு நுனி கருமை. இது 30 மீட்டர் உயரத்தினின்று சிறகை மடக்கி அம்புபோல் கடலுள் பாயும். அவ்வேகத்தில் நீரில் மோதினால் உடல் சிதைய வேண்டுமன்றோ? அதற்கேற்ற அமைப்பு அதற்கு உண்டு. முகத்திலும் மார்பிலும் தோலுக்கடியில் உள்ள காற்றுப் பைகள் அதிர்ச்சியைத் தாங்குகின்றன. மூக்குத் துளைகள் வெளியே திறந்திரா. இங்கிலாந்தின் பெருநிலப்பரப்பில் கன்னெட்டுகள் கூடு கட்டும் இடம் பெம்ப்டன் ஒன்றே. கடலினின்று திரும்பும் கன்னெட் தன் துணையுடன் கழுத்தை நிமிர்த்தி அலகோடு அலகு உரசி வணக்கம் சொல்லிய பின்னரே கூட்டில் அமரும். அண்டைக் கூட்டுப் பறவையின் அலகு எட்டாத தொலைவில் ஒவ்வொரு கூடும் அமைந்திருப்பதால், மேலிருந்து பார்க்கையில் அவை நிரை பிடித்து நட்ட கன்றுகள்போல் காட்சியளிக்கும்.

ஃபுல்மர் என்பது அமைதியாக அமர்ந்திருக்கும் சாம்பல் நிறப் பறவை. நெருங்கி வருவோர்மீது நாற்றமிக்க எண்ணெயை உமிழும். அவ்வெண்ணெய் பிற பறவைகளின் சிறகில் ஒட்டினால் அவை பறக்கவும் இயலாது துன்புறும்.

முட்டையின் வடிவமும் குஞ்சின் துணிவும்

கில்லிமாட்டின் முட்டை தனிச் சிறப்புடையது. ஒரு முனை அகன்றும் மறுமுனை கூர்ந்தும் பேரிக்காய் போல் இருக்கும். சாய்வான பாறையில் வைக்கப்படும் இம்முட்டை ஏன் உருண்டு விழுவதில்லை என்பது நெடுங்காலமாக வினவப்பட்டு வந்தது. தட்டினால் அது வட்டமாகச் சுழலுமேயன்றி நேராக உருளாது என்று பழைய நூல்கள் கூறின. ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் டிம் பர்க்ஹெட்டும் அவருடைய குழுவினரும் இதனை மீண்டும் ஆராய்ந்து 2018-ஆம் ஆண்டில் முடிவினை வெளியிட்டனர். கூரிய முட்டையின் பக்கம் பாறையில் நீளமாகப் படிந்து நிற்பதால், சாய்வான இடத்திலும் அது அசையாது நிலைக்கிறது என்பது அவர்கள் கண்ட உண்மை. நூலில் உள்ளதை மீண்டும் சோதித்துப் பார்ப்பதே அறிவியலின் வழி என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

இம்முட்டைகளின் நிறமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று நீலம், ஒன்று பச்சை, ஒன்று வெண்மை, சிலவற்றில் புள்ளிகள், சிலவற்றில் கிறுக்கல் போன்ற கோடுகள். நெருக்கமான கூட்டத்தில் தன் முட்டை எது என ஒவ்வொரு பறவையும் இந்நிறத்தாலும் கோலத்தாலும் அறிந்துகொள்கிறது.

குஞ்சின் கதை இன்னும் வியப்பானது. பிறந்து ஏறத்தாழ மூன்று வாரங்களானதும், பறப்பதற்குரிய சிறகு முளைக்கு முன்பே, அது பாறையை விட்டுப் புறப்பட வேண்டும். அந்தி மயங்கும் வேளையில் தந்தைப் பறவை கீழே கடலில் இருந்து குரல் கொடுக்கும். குஞ்சு விளிம்பில் நின்று மறுகுரல் கொடுக்கும். பின்னர்த் தன் சிறு சிறகுகளை விரித்துக் கீழே குதித்துவிடும். எடை மிகக் குறைவாதலாலும் சிறகை விரித்துத் தாவுவதாலும் பெரும்பாலான குஞ்சுகள் தீங்கின்றி நீரை அடைகின்றன. ஆயிரமாயிரம் குரல்களுக்கிடையே ஒன்றையொன்று குரலால் அடையாளம் கண்டு, தந்தையும் குஞ்சும் ஆழ்கடலை நோக்கி நீந்திச் செல்கின்றன. அதன்பின் பல வாரங்கள் தந்தையே அதற்கு உணவூட்டிக் காக்கிறது.

துப்பாக்கியும் கயிறும்

இத்தகைய இடம் எக்காலத்தும் அமைதியாக இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரயில் பாதை வந்தபின், நகரங்களிலிருந்து பலர் துப்பாக்கியுடன் இக்கடற்கரைக்கு வந்தனர். படகில் அமர்ந்து, கூட்டில் இருந்த பறவைகளைப் பொழுதுபோக்காகச் சுட்டுத் தள்ளினர். சீமாட்டிகளின் தொப்பிகளை அழகுபடுத்தக் கிட்டிவேக்கின் இறகுகளுக்கு நல்ல விலை கிடைத்தது. பெற்றோர் மாண்டபின் கூடுகளில் குஞ்சுகள் பசியால் மடிந்தன.

இதனை முதலில் எதிர்த்தவர்களுள் கரையோர மக்களும் இருந்தனர். மாலுமிகள், "மூடுபனியில் பாறை கண்ணுக்குத் தெரியாதபோது பறவைகளின் கூக்குரலே எங்களை எச்சரிக்கிறது" என்ற கருத்தினர். அதனாலேயே அப்பறவைகளை 'ஃபிளாம்பரோ வழிகாட்டிகள்' என்று அழைத்தனர். மீனவர்க்கு அவை மீன் இருக்கும் இடத்தைக் காட்டின. உழவர்க்கு வயலிலுள்ள புழுக்களைத் தின்று உதவின. பிரிட்லிங்டன் நகரின் பாதிரியார் ஹென்றி பார்ன்ஸ்-லாரன்ஸ் 1868-இல் பலரை ஒன்றுகூட்டிப் பறவைகளைக் காக்க முனைந்தார். அவ்வாண்டிலேயே பேராசிரியர் ஆல்ஃபிரட் நியூட்டன் அறிவியலார் அவையில் இக்கொடுமையை எடுத்துரைத்தார். நாடாளுமன்ற உறுப்பினர் கிறிஸ்டோபர் சைக்ஸ் சட்ட முன்வரைவைக் கொண்டுவந்தார். 1869-ஆம் ஆண்டில் கடற்பறவைப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஏப்ரல் 1 முதல் ஆகஸ்டு 1 வரை அப்பறவைகளைக் கொல்வது குற்றமாயிற்று.

எனினும் முட்டை எடுப்பதை அச்சட்டம் தடுக்கவில்லை. அவ்வூர்ப் பண்ணைத் தொழிலாளர்கள் இளவேனில் தோறும் சிறு குழுக்களாகச் சேர்ந்து, ஒருவரைக் கயிற்றில் கட்டிப் பாறையில் இறக்கினர். மேலே உள்ளோர் கயிற்றைப் பிடித்திருப்பர். கீழே தொங்குபவர், மேலிருந்து விழும் கல் தலையைத் தாக்காதிருக்க உள்ளே திணிப்பு வைத்த தொப்பி அணிந்து, விளிம்பு விளிம்பாகச் சென்று முட்டைகளைப் பைகளில் நிரப்புவார். சில முட்டைகள் உணவாயின. சில தோல் பதனிடும் தொழிலுக்குச் சென்றன. அரிய நிறமுடையவற்றைச் செல்வர்கள் தம் பேழைகளில் அடுக்கி வைக்க விலைகொடுத்து வாங்கினர்.

அத்தொழிலாளர்களை நாம் கொடியவர் எனக் கருதலாகாது. குறைந்த கூலியில் குடும்பம் நடத்தியவர்கள் அவர்கள். உயிரைப் பணயம் வைத்தே அம்முட்டைகளை எடுத்தனர். முதல் முட்டையை இழந்த கில்லிமாட் மற்றொன்று இடும் என்பதையும் அவர்கள் அறிந்திருந்தனர். ஆயினும் வாங்குவோரின் ஆசைக்கு எல்லையில்லை. இடும் பறவையின் ஆற்றலுக்கோ எல்லையுண்டு. 1954-ஆம் ஆண்டின் பறவைப் பாதுகாப்புச் சட்டத்தால் முட்டை எடுக்கும் தொழில் முடிவுற்றது. துப்பாக்கியை நிறுத்திய சட்டத்திற்கும் கயிற்றை நிறுத்திய சட்டத்திற்கும் இடையே 85 ஆண்டுகள் கழிந்தன. நல்ல மாற்றம் ஒரே நாளில் வருவதில்லை என்பதை இதனால் உணரலாம்.

இன்றைய இடர்கள்

இப்பொழுது அப்பாறைகள் பறவைக் காப்பிடமாகப் பேணப்படுகின்றன. மக்கள் தொலைநோக்கியுடன் வந்து கண்டு மகிழ்கின்றனர். ஆயினும் இடர் முற்றும் நீங்கிவிடவில்லை.

வட கடலின் மணலில் புதைந்து வாழும் விரல் நீள வெள்ளிநிறச் சிறுமீன் ஒன்று உண்டு. கிட்டிவேக்குக்கும் பஃபினுக்கும் அதுவே முதன்மை உணவு. கடல் நீர் வெப்பமடைவதாலும், மீன்தூளுக்கும் எண்ணெய்க்குமாகப் பெருமளவில் பிடிக்கப்பட்டதாலும் அச்சிறுமீன் குறைந்தது. கிட்டிவேக் 2017-இல் உலக அளவில் ஆபத்துக்குள்ளான இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2024-இல் வட கடலின் ஆங்கிலேய நீர்ப்பரப்பிலும் ஸ்காட்லாந்தின் நீர்ப்பரப்பு முழுவதிலும் அம்மீனைப் பிடிப்பதை அரசுகள் நிறுத்தின. 2022-இலும் 2023-இலும் பறவைக் காய்ச்சல் பரவி, பிரிட்டனின் கரைகளில் கன்னெட், கிட்டிவேக் முதலிய பல்லாயிரம் பறவைகளைக் கொன்றது. கடலில் வீசப்பட்ட வலைத்துண்டுகளையும் கயிறுகளையும் பாசியென்று எண்ணிக் கன்னெட் தன் கூட்டில் சேர்க்கிறது. அதில் அதன் குஞ்சே சிக்கிக்கொள்வதும் உண்டு. கூட்டைக் காத்தால் மட்டும் போதாது. கூட்டிற்கு உணவு தரும் கடலையும் காக்க வேண்டும்.

உற்றுநோக்கும் முறை

பறவைகளைக் காண்பதற்கும் ஒரு முறை உண்டு. ஆய்வாளர்கள் பாறையைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு எண்ணுகின்றனர். கிட்டிவேக்கை எண்ணும்போது கூடுகளை எண்ணுவர். கில்லிமாட்டுக்குக் கூடு இன்மையால் பறவைகளையே எண்ணுவர். அதனையும் ஜூன் மாதத்தின் முதல் மூன்று வாரங்களில், காலை 8 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையே செய்வர். ஆண்டுதோறும் ஒரே காலத்தில், ஒரே முறையில் எண்ணினால்தான் கூடியதா குறைந்ததா என்பது தெளிவாகும்.

நமக்கு யார்க்சயர் தொலைவு. ஆயினும் கடற்பறவைகள் கூடு கட்டும் இடங்கள் நம் நாட்டிலும் உள. மலாக்கா நீரிணையில், கெடாவின் கரைக்கு அப்பால் உள்ள பூலாவ் பேரா என்னும் பாறைத் தீவு, கன்னெட்டின் உறவினமாகிய பழுப்பு பூபி கூடு கட்டும் இடமாக அறியப்பட்டதாகும். தென்சீனக் கடலிலுள்ள லாயாங்-லாயாங் தீவில் ஆலாப் பறவைகள் முட்டையிடுகின்றன.

அங்கும் செல்ல இயலாதோர் தம் தோட்டத்திலேயே தொடங்கலாம். செம்பனைத் தோட்டங்களில் எலிகளை ஒழிக்கக் கூகைகளுக்குப் பெட்டி வைத்துள்ளதைப் பெற்றோர் பலர் அறிவர். மாலுமிக்குக் கடற்பறவை உதவியதுபோல் நமக்குக் கூகை உதவுகிறது. அதனைச் சகுனத்தின் பேரால் கல்லெறிந்து விரட்டுதல் அறியாமையாகும். பறவையின் கூட்டைக் காணும் மாணவர் விலகி நிற்க வேண்டும், கையால் தொடலாகாது, நாளும் நேரமும் குறித்து, கண்டதைக் கண்டவாறே எழுத வேண்டும். முட்டையைக் கையில் எடுப்பவனிடம் எஞ்சுவது வெறும் ஓடே. விலகி நின்று காண்பவனுக்கு அம்முட்டை குஞ்சாகிப் பறக்கும் வரையுள்ள வரலாறு முழுவதும் கிட்டும். பெம்ப்டன் பாறை நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.

செய்து பாருங்கள்

களிமண்ணால் ஒரே அளவுள்ள இரண்டு உருவங்கள் செய்க. ஒன்று பந்துபோல் உருண்டையாகவும், மற்றொன்று ஒரு முனை கூர்ந்த பேரிக்காய் வடிவிலும் இருக்கட்டும். அவை உலர்ந்தபின் ஒரு பலகையில் வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துக. எது முதலில் உருள்கிறது? எவ்வளவு உயர்த்தியபின் மற்றது உருள்கிறது? அடிக்கோலால் அளந்து எழுதுக.

பயிற்சி வினாக்கள்

1. கடற்பறவைகள் செங்குத்துப் பாறைகளைத் தேர்ந்தெடுப்பதற்கான காரணங்கள் யாவை?

2. கிட்டிவேக் குஞ்சு கூட்டைவிட்டு அசையாதிருப்பதும், கில்லிமாட் குஞ்சு பறக்கக் கற்குமுன் குதிப்பதும் அவற்றுக்கு எவ்வாறு நன்மை தருகின்றன?

3. 1869, 1954 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களுக்கு இடையேயுள்ள வேறுபாட்டை விளக்குக.

4. நம் தோட்டத்தில் காணப்படும் பறவை ஒன்றை ஏழு நாட்கள் உற்றுநோக்கி ஒரு பக்கம் எழுதுக. பெற்றோரிடமும் தாத்தா பாட்டியிடமும் கேட்டு, அவர்கள் இளமையில் கண்டு இன்று காணாத பறவைகளின் பெயர்களையும் அதனுடன் சேர்க்க.